காந்தி ஏன் செருப்பு தைக்கக் கற்றுக்கொண்டார்? தில்லையாடியையும் வேதாரண்யத்தையும் தொடும் ஒரு நடைக் கதை

தஞ்சாவூரில் கல்லணைக் கால்வாய்க் கரையில் காலை நேரத்தில் ஓடுகிறவர்களை இப்போது நிறையவே பார்க்கலாம். தார் ரோட்டில் ஓடிப் பழகியவர்கள் வரப்பு, ஆற்றங்கரை, வல்லம் பக்கத்துச் செம்புறாங்கல் மேடு என்று மாறும்போது முதலில் வருகிற சந்தேகம் ஒன்றுதான். காலில் எதைப் போடுவது? சாதாரண ஷூ சம்பா பருவத்துக் களிமண்ணில் நாலு எட்டு வைப்பதற்குள் கனமாகிவிடும். சரளைக் கல்லில் பாதம் குத்தும். கடையில் போய்க் கேட்டால் ‘ட்ரெயில் ரன்னிங் ஷூ’ என்று பல ஆயிரம் ரூபாய்க்கு எடுத்து வைப்பார்கள்.

நீண்ட தூரம், கரடுமுரடான தரை, காலுக்கு என்ன? இதே கேள்வியோடு ஏறக்குறைய வாழ்நாள் முழுக்க இருந்த ஒருவர் உண்டு. நடையைப் போராட்டமாகவே மாற்றியவர், தன் செருப்பைத் தானே தைத்தவர், கடைசியில் அதையும் கழற்றி வைத்தவர். ஆமாம், மோகன்தாஸ் கரம்சந்த் காந்திதான். அவர் கதையை உப்பு, ராட்டை வழியாக நிறையப் படித்திருப்போம். கொஞ்சம் அவர் கால் வழியாகப் பார்ப்போம்.

நடைப் பழக்கம் எங்கே ஆரம்பித்தது?

காந்தி 1869 அக்டோபர் 2 அன்று போர்பந்தரில் பிறந்தார். பள்ளியில் விளையாட்டு, உடற்பயிற்சி என்றாலே ஒதுங்கி நின்ற பையன் அவர். ஆனால் திறந்தவெளியில் நீண்ட தூரம் நடப்பது உடம்புக்கு நல்லது என்று எங்கோ படித்துவிட்டு, நடையை மட்டும் பிடித்துக்கொண்டார். 1888-ல் சட்டம் படிக்க லண்டன் போனபோது அந்தப் பழக்கம் கைகொடுத்தது. வண்டிச் செலவை மிச்சப்படுத்த, தினமும் 8 முதல் 10 மைல் வரை நடந்தார். அதாவது 13 முதல் 16 கிலோமீட்டர்.

1893-ல் ஒரு வழக்குக்காகத் தென்னாப்பிரிக்கா போனார். அங்கே பிரிட்டோரியாவில், அதிபர் குரூகர் வீட்டு வாசலில், நடைபாதையில் நடந்ததற்காகக் காவலாளி அவரைத் தள்ளி உதைத்துத் தெருவில் இறக்கிவிட்டார். டிரான்ஸ்வாலில் இந்தியர்கள் நடைபாதையில் நடக்கக் கூடாது என்பது அன்றைய விதி. யார் எங்கே நடக்கலாம் என்பதும் ஓர் அரசியல்தான் என்பது அவருக்கு அங்கே நேரடியாகவே புரிந்தது.

இதில் தமிழர்கள் எப்படி வந்தார்கள்?

1860-ல் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு நேட்டாலுக்குப் போனது. அதன் பிறகு பல பத்தாண்டுகள், கரும்புத் தோட்டத்துக்கும் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் தமிழ்நாட்டிலிருந்து ஆள் போய்க்கொண்டே இருந்தார்கள். வணிகம், வேறு தொழில் என்று தேடிப் போன குடும்பங்களும் உண்டு. தஞ்சை மாவட்டத்துத் தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு குடும்பம் ஜோகன்னஸ்பர்க்கில் இருந்தது. அங்கே 1898-ல் பிறந்த பெண்தான் வள்ளியம்மை.

டால்ஸ்டாய் பண்ணை: 34 கிலோமீட்டர் நடை

சத்தியாக்கிரகத்தில் சிறை போனவர்களின் குடும்பங்கள் தங்க ஓர் இடம் வேண்டியிருந்தது. காந்தியின் நண்பரும் கட்டடக் கலைஞருமான ஹெர்மன் காலன்பாக் 1910-ல் சுமார் 1,100 ஏக்கர் நிலத்தை வாங்கி அதற்குக் கொடுத்தார். அதுதான் டால்ஸ்டாய் பண்ணை. தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக இருந்ததால், காந்தி அங்கே குழந்தைகளுக்குத் தனக்குத் தெரிந்த தமிழையும் சொல்லிக்கொடுத்தார்.

பண்ணையிலிருந்து ஜோகன்னஸ்பர்க் 21 மைல், அதாவது கிட்டத்தட்ட 34 கிலோமீட்டர். பண்ணை வேலையாகப் போனால் மட்டும் ரயில். சொந்த விருப்பத்துக்குப் போகிறவர்கள் நடந்துதான் போக வேண்டும், கட்டுச்சோறும் பண்ணையிலிருந்தே எடுத்துப் போக வேண்டும் என்பது விதி. ராத்திரி 2 மணிக்கு எழுந்து 2.30-க்குக் கிளம்பினால், 6 அல்லது 7 மணி நேரத்தில் ஊர் போய்ச் சேரலாம். ஒருவர் எடுத்துக்கொண்ட மிகக் குறைந்த நேரம் 4 மணி 18 நிமிடம். கணக்குப் போட்டால் மணிக்கு 8 கிலோமீட்டருக்குப் பக்கம் வருகிறது. சாதாரணமாக நடக்கிற வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர்தான். அப்படியானால் இது நடையா, ஓட்டமா? இன்றைய கணக்கில் ஒரு நல்ல ட்ரெயில் ரன்!

இப்படி நடக்கிற ஊருக்குக் காலணி வேண்டுமே? காலன்பாக், நேட்டாலில் மேரியன்ஹில் என்ற இடத்திலிருந்த டிராப்பிஸ்ட் துறவிகளின் மடத்துக்குப் போய், செருப்புச் செய்யும் வேலையைக் கற்று வந்தார். அவரிடமிருந்து காந்தி கற்றுக்கொண்டார். காந்தி மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். பண்ணைக்குப் போக மீதிச் செருப்புகளை நண்பர்களுக்கு விற்கவும் செய்தார்கள்.

செருப்பு தைப்பதில் என்ன பெரிய விஷயம்?

இந்தியாவில் அது பெரிய விஷயம்தான். தோலைத் தொடுவதும் செருப்புத் தைப்பதும் குறிப்பிட்ட சாதிகளின் தலையில் கட்டப்பட்ட வேலை. தைத்துக் கொடுத்தவரே அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு ஆதிக்க சாதித் தெருவில் நடக்க முடியாது. காவிரி டெல்டாவும் இதற்கு விதிவிலக்கு இல்லை. மற்றவர்களின் வயலில் காலம் முழுக்க வெறுங்காலோடு உழைத்த பண்ணையாட்களுக்கு, செருப்பு என்பது வசதி சம்பந்தப்பட்ட பொருள் மட்டும் இல்லை, தடை செய்யப்பட்ட பொருளும்கூட.

அந்தப் பின்னணியில், வணிகர் சாதியில் பிறந்து வழக்கறிஞராக இருந்த ஒருவர் ஊசியும் தோலுமாக உட்கார்ந்தது சின்ன செய்கை இல்லை. அதனால் சாதி ஒழிந்துவிட்டதா என்றால், இல்லை. சாதியை அவர் அணுகிய விதத்தை அம்பேத்கரும் பெரியாரும் பின்னாளில் கடுமையாக எதிர்த்தார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

1913: இரண்டாயிரம் பேர் நடந்தார்கள்

ஒப்பந்தம் முடிந்த கூலிகள் மீது விதித்த 3 பவுண்ட் வரியை எதிர்த்து, 1913 அக்டோபரில் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களை அழைத்துக்கொண்டு காந்தி எல்லையை நோக்கி நடந்தார். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை பவுண்ட் ரொட்டி, ஓர் அவுன்ஸ் சர்க்கரை. அவ்வளவுதான் சாப்பாடு. வழியில் இரண்டு கைக்குழந்தைகள் இறந்தன. ஒன்று குளிர் தாங்காமல், இன்னொன்று ஓடையைக் கடக்கும்போது தாயின் கையிலிருந்து நழுவி விழுந்து.

நவம்பர் 6 அன்று எல்லையைத் தாண்டியவர்கள் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். டால்ஸ்டாய் பண்ணை வரை, தினமும் 20 மைலுக்கு மேல் நடப்பது திட்டம். நான்கு நாட்களுக்குள் காந்தி மூன்று முறை கைதானார். நடந்து வந்தவர்களை நவம்பர் 10 அன்று பால்ஃபோரில் மறித்து, ரயிலில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள்.

அந்த டிசம்பரில் வள்ளியம்மையும் சிறை போனார். கடும் காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். அவருக்கு வயது 16. அதே ஆண்டு 3 பவுண்ட் வரி ரத்தானது. 1915-ல் இந்தியா திரும்பிய பிறகு, காந்தி தில்லையாடிக்கு நேரில் வந்து போனார்.

தென்னாப்பிரிக்காவை விட்டுக் கிளம்பும் முன் அவர் ஒரு பரிசு கொடுத்தார். தன்னைச் சிறையில் தள்ளிய ஜெனரல் ஸ்மட்ஸுக்கு, சிறையில் தன் கையால் செய்த ஒரு ஜோடி செருப்பு. ஸ்மட்ஸ் பல கோடைக்காலங்கள் அதைப் போட்டுக்கொண்டார். 1939-ல் காந்திக்கு 70 வயதானபோது, அதைப் போட்டுக்கொள்ளும் தகுதி தனக்கு இல்லை என்ற பொருளில் எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்.

தண்டியும் வேதாரண்யமும்

1930 மார்ச் 12. சபர்மதியிலிருந்து தண்டிக்கு 241 மைல், 24 நாள், கூட 78 பேர். காந்திக்கு வயது 60. முடியாவிட்டால் ஏறிக்கொள்ள ஒரு குதிரையும் பின்னாலேயே வந்தது. அவர் ஏறவில்லை. வாலிபர்கள் சிலர்தான் கால் கொப்பளித்துக் கஷ்டப்பட்டார்கள். காரணம் எளிது. மற்றவர்கள் அந்த மாதம் நடக்க ஆரம்பித்தவர்கள், அவர் நாற்பது வருஷத்துக்கு மேல் நடந்து பழகியவர்.

அடுத்த மாதமே டெல்டாவும் நடந்தது. ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜி சுமார் 100 தொண்டர்களோடு வேதாரண்யத்துக்குக் கிளம்பினார். சுமார் 150 மைல். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று வழி. சித்திரை வெயில். இவர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் மிரட்டினார். ஊர்க்காரங்க சும்மா இருப்பாங்களா? சாப்பாட்டுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள், ஆற்று மணலில் புதைத்து வைத்து ஜாடை காட்டினார்கள். ஏப்ரல் 28 அன்று தொண்டர்கள் வேதாரண்யம் சேர்ந்தார்கள். 30-ம் தேதி உப்பு அள்ளிய ராஜாஜி கைதானார்.

கடைசியில் செருப்பையும் ஏன் கழற்றினார்?

1946-ல் வங்காளத்தின் நவகாளியில் மதக் கலவரம். ஆறும் வாய்க்காலும் சேறுமாக, நம் டெல்டா மாதிரியான நாடு அது. 77 வயது காந்தி 1947 ஜனவரியிலிருந்து மார்ச் 2 வரை அங்கே 47 கிராமங்களை, 116 மைல் நடந்தே சுற்றினார். வாய்க்கால்களைக் கடக்க ஒற்றை மூங்கில் பாலம்தான். அதில் நடக்கத் தனியாகப் பயிற்சி எடுத்தார். அதை ஒரு புனித யாத்திரையாக நினைத்ததால், செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு போனார். பாதையில் முள்ளையும் கண்ணாடித் துண்டுகளையும் போட்டு வைத்தவர்களும் இருந்தார்கள். பாதம் வெடித்தது. நடையை அவர் நிறுத்தவில்லை.

வேளாங்கண்ணிக்கும் பழநிக்கும் வெறுங்காலோடு நடந்து போகிறவர்களைப் பார்த்த டெல்டாக்காரர்களுக்கு இது புதிதாகத் தெரியாது.

1948 ஜனவரி 30 மாலை, டெல்லி பிர்லா மாளிகையில் பிரார்த்தனைக்கு நடந்துபோகும் வழியில் காந்தி சுடப்பட்டார். அந்தக் கடைசி நடையின் காலடிகளை இப்போதும் அங்கே சிமெண்டில் பதித்து வைத்திருக்கிறார்கள்.

சரி, இன்றைக்கு ஓடுகிறவர்கள் என்ன எடுத்துக்கொள்ளலாம்?

காந்தி மாதிரி வெறுங்காலோடு ஓடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. அது ஒரு முதியவர் தனக்குத்தானே ஏற்றுக்கொண்ட விரதம். கற்றுக்கொள்ள வேண்டியது, அதற்கு முந்தைய பாடங்களை.

தரையைப் பார்த்துக் காலணியைத் தேர்வு செய்யுங்கள். டெல்டாக் களிமண்ணுக்கு, அடிப்பாகத்தில் ஆழமான, இடைவெளி விட்ட முள்கள் உள்ள ஷூ நல்லது. முள்கள் நெருக்கமாக இருந்தால் சேறு அப்பிக்கொள்ளும். செம்புறாங்கல், சரளை என்றால் அடியில் கல் குத்தாத தடிமனான தகடு வேண்டும். வாய்க்கால் ஓரம் ஓடுகிறவர்களுக்கு, தண்ணீர் உள்ளே போனாலும் உடனே வடிகிற மெல்லிய வலைத் துணி போதும்.

ஷூவைச் சாயங்காலம் போட்டுப் பாருங்கள். அப்போதுதான் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். நீண்ட தூரம் ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும், விரல்கள் விரிய வேண்டும், குதிகால் மட்டும் நழுவக் கூடாது. புது ஷூவோடு நேராகப் பந்தயத்துக்குப் போகாதீர்கள். சின்னச் சின்ன ஓட்டங்களில் பழக்கிய பிறகே நீண்ட தூரம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெறுங்கால் நடையை டாக்டரிடம் கேட்காமல் முயற்சி செய்யவே வேண்டாம்.

தில்லையாடி இப்போது மயிலாடுதுறை மாவட்டத்தில், தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. வள்ளியம்மைக்கு அங்கே நினைவு மண்டபம் உண்டு. சுடப்பட்டபோது காந்தி அணிந்திருந்த ரத்தக்கறை படிந்த துணி, மதுரை காந்தி மியூசியத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் பார்த்துவிட்டு வாருங்கள்.