கில்லட்டின்: பெயர் சுமந்த மருத்துவர்

காகிதம் வெட்டும் கருவிக்கும் கில்லட்டின் என்றே பெயர். நாடாளுமன்றத்தில் விவாதத்தைக் கத்தரித்து வாக்கெடுப்புக்கு விடுவதற்கும் அதுதான்.

பெயருக்குரிய ஜோசப் இக்னாஸ் கில்லட்டின் (1738-1814) பாரீஸ் மருத்துவர். மரண தண்டனையே கூடாதென்பது அவர் எண்ணம். அது உடனே நடக்காதென்பதால், பிரபுவுக்கு வாள், ஏழைக்குத் தூக்கு என்ற பேதமாவது ஒழியட்டும், எல்லோருக்கும் வலியில்லாத ஒரே முறை இருக்கட்டும் என்று 1789-ல் தேசிய சபையில் வாதாடினார். இயந்திரத்தை வடிவமைத்தவர் அந்துவான் லூயி என்ற அறுவை மருத்துவர். செய்தவர் தோபியாஸ் ஷ்மித் என்ற இசைக்கருவித் தச்சர். 1792 ஏப்ரலில் அது முதல் தலையை வாங்கியது. அதில் கில்லட்டினே மாண்டார் என்பது கட்டுக்கதை, நோயில்தான் இறந்தார்.

நான் எழுதும் மென்பொருளில் எந்த வரியை யார் எழுதினார் என்பதற்குப் பதிவுண்டு. இங்கோ பதிவு இருந்தும் பழி மாறவில்லை. அவர் முதலில் விரும்பிய மரண தண்டனை ஒழிப்பு பிரான்சில் 1981-ல்தான் வந்தது. அதற்கு அவர் பெயரில்லை.