அட்டவணையில் இல்லாத இழப்பு

மூன்றாண்டுகளுக்கு முன், வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் ஒரகடத்துக்கு அப்பால், என் பழைய மாணவர் ஒருவர் இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்தார். இரவுப் பணி முடிந்து வீடு திரும்பும் நேரம். தலைக்கவசம் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அறுவை சிகிச்சை நடந்தது, பிழைத்தார். இன்று நடக்கிறார், தெளிவாகப் பேசுகிறார், என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார். ஆனால், எதையும் தாமாகத் தொடங்குவதில்லை. குளிக்கச் சொன்னால் குளிப்பார். சொல்லாவிட்டால் மாலைவரை திண்ணையிலேயே அமர்ந்திருப்பார். காலையில் வந்துபோன உறவினரை மாலையில் நினைவிருக்காது. யாரிடமும் குரல் உயர்த்தாதவர், இப்போது அற்பக் காரணத்துக்கெல்லாம் சீறுகிறார். கை, கால் நன்றாகத்தானே இருக்கிறது என்கிறது ஊர். சோம்பேறி என்று உறவினர்கள் தீர்ப்பெழுதிவிட்டார்கள்.

அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போதெல்லாம் டாக்டர் பி. ராமமூர்த்தியின் வாழ்க்கை எனக்கு நினைவுக்கு வரும். ஸ்ரீபெரும்புதூர் பகுதித் தொழிற்சங்கத்தாரிடம் இப்பெயரைச் சொன்னால், சி.ஐ.டி.யு.வின் தலைவர்களில் ஒருவரான பி. ராமமூர்த்தியைத்தான் நினைப்பார்கள். நான் குறிப்பிடுபவர் மூளை அறுவை சிகிச்சை நிபுணர். ஆனால், தொழிலாளிக்கு இவரும் தொடர்பில்லாதவர் அல்லர்.

1922 ஜனவரி 30 அன்று சீர்காழியில் பிறந்தவர் ராமமூர்த்தி. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, எடின்பரோவில் எஃப்.ஆர்.சி.எஸ். பட்டம் பெற்று, இங்கிலாந்தின் நியூகாசிலில் மூளை அறுவை சிகிச்சையில் பயிற்சி பெற்றார். பிறகு கனடாவின் மான்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்டின் நிறுவனத்தில் சில மாதங்கள் இருந்தார். பென்ஃபீல்டு நோயாளியை விழிப்புநிலையில் வைத்துக்கொண்டே மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்னோட்டத்தால் தொட்டுப் பார்த்தவர். பொட்டுப் பகுதிக்கு உள்ளே ஓரிடத்தைத் தொட்டால், சில நோயாளிகளுக்குப் பழைய குரல்களும் காட்சிகளும் மீண்டு வந்தன. நினைவு என்பது ஆவி போல் எங்கோ மிதப்பதன்று, அதற்கு உடலில் ஓர் இடம் உண்டு என்பது அந்த அறுவை மேசையில் கண்கூடானது.

1950-இல் ராமமூர்த்தி சென்னை அரசு பொது மருத்துவமனையில் மூளை அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கியபோது அவருக்கு வயது 28. அதற்கு முந்தைய ஆண்டுதான் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டி இத்துறையை நாட்டிலேயே முதன்முதலாகத் தொடங்கியிருந்தார். 1951-இல் இவ்விருவரும் டாக்டர் பல்தேவ் சிங், டாக்டர் எஸ்.டி. நரசிம்மன் ஆகியோருடன் சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவினார்கள். இத்தனை பெரிய நாட்டின் நரம்பியல் மருத்துவம் நால்வரோடு தொடங்கியது! பின்னாளில் சென்னையில் நரம்பியல் நிறுவனம் உருவானதும் பத்ம பூஷண் விருது கிடைத்ததும் பலரும் அறிந்தவை.

அவ்வளவாகப் பேசப்படாத ஒன்று உண்டு. 1960-களிலிருந்து ராமமூர்த்தியும் அவருடைய சக மருத்துவர் வி. பாலசுப்பிரமணியமும், கட்டுக்கடங்காத மூர்க்கம் கொண்ட நோயாளிகளுக்கு அமிக்டலா என்னும் பகுதியில் அறுவை சிகிச்சை செய்தார்கள். வாதுமைப் பருப்பு அளவே உள்ள அப்பகுதிக்கு அச்சத்திலும் சினத்திலும் பிறர் முகக்குறிப்பை உணர்வதிலும் பெரும் பங்கு உண்டு. மண்டையோட்டில் சிறு துளையிட்டு, அளவுச் சட்டத்தின் துணையோடு மெல்லிய ஊசியைச் செலுத்தி, அதில் ஒரு சிறு பகுதியை அழிப்பதே அச்சிகிச்சை. 600-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை 1988-இல் ராமமூர்த்தி வெளியிட்டார். பெரும்பாலானோர் அமைதியடைந்ததாக அந்தக் கணக்கு கூறுகிறது. போதைக்கு அடிமையானவர்களுக்குச் சிங்குலம் என்னும் நரம்பிழைக் கற்றையில் செய்த அறுவை சிகிச்சை பற்றி, பாலசுப்பிரமணியமும் நாட்டின் முதல் பெண் மூளை அறுவை மருத்துவரான டி.எஸ். கனகாவும் 1973-இல் எழுதினார்கள். வேட்கையையே ஊசிமுனையால் தணிக்க முயன்ற காலம் அது.

எனக்கு இதில் உடன்பாடில்லை. சங்கிலியில் கட்டப்பட்ட மகனோடு வந்த பெற்றோருக்கு அன்று வேறு வழி குறைவு என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் வெற்றியை அளந்த கோல் பெரும்பாலும் நோயாளி எவ்வளவு அடங்கினார் என்பதுதான். அவர் எவ்வளவு வாழ்ந்தார் என்பதன்று. செலவு ஒருவருக்கு, பயன் மற்றொருவருக்கு என்றால் பொருளியல் மாணவனுக்கு ஐயம் எழத்தான் செய்யும். இன்று 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டப்படி, நோயாளியின் ஒப்புதலும் வாரியத்தின் அனுமதியும் இன்றி மனநோய்க்கு இத்தகைய அறுவை சிகிச்சை செய்ய முடியாது. அது நல்லதே.

ஆனால், அச்சிகிச்சையின் மருத்துவ உண்மையை மட்டும் நாம் பாதியாகவே எடுத்துக்கொண்டோம். சில மில்லிமீட்டர் திசுவை அழித்தால் ஒருவரது சினமும் வேட்கையும் மாறும் என்று ஏற்றுக்கொண்டோம். சாலையில் தலை மோதி அதே மூளை சிதைந்தால் மட்டும், மாறிப்போன குணத்தைச் சோம்பல், திமிர் என்கிறோம். மோதலின் வேகத்தில் மூளை மண்டையோட்டுக்குள் குலுங்குகிறது; நெற்றிக்குப் பின்னுள்ள முன்மடல் கரடுமுரடான எலும்பில் உராய்கிறது; நெடிய நரம்பிழைகள் இழுபட்டு அறுகின்றன. ஒரு செயலைத் தொடங்கத் தூண்டுவதும், வாய்வரை வந்த சொல்லைத் தடுப்பதும் அம்முன்மடலின் பணிகள்.

1848-இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ரயில் பாதை அமைக்கும் பணியின் மேற்பார்வையாளரான பினியஸ் கேஜின் மண்டையை, வெடிமருந்து கெட்டிக்கும் இரும்புக் கம்பி துளைத்துச் சென்றது. பிழைத்த அவரை, குணம் மாறிவிட்டது என்பதால் பழைய வேலையில் சேர்க்கவில்லை. ஆனால், பின்னர் அவர் சிலி நாட்டில் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டினார். நாள்தோறும் ஒரே ஒழுங்கில் அமைந்த வேலை அவரை ஓரளவு மீட்டிருக்கலாம் என்று இன்றைய ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள்.

இழப்பீட்டுக்கு நெடுங்காலம் அடிப்படையாக இருந்த 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். கட்டைவிரல் போனால் வருவாய்த் திறனில் 30 விழுக்காடு இழப்பு. ஒவ்வொரு விரலுக்கும், விரலின் ஒவ்வொரு கணுவுக்கும் கணக்கு இருக்கிறது. நினைவுக்கும் ஊக்கத்துக்கும் ஒரு வரி இல்லை. மருத்துவரின் மதிப்பீட்டுக்கு விடப்பட்டுள்ளது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதிலும் விபத்தால் நேரும் மூளைக்காயம் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் தமிழக அரசு 2021 முதல் ஏற்றுவருவது பாராட்டுக்குரியது. என் மாணவரின் சிக்கல் வெளியே தெரியவந்ததோ ஆறாவது மாதத்தில். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம்வரை இத்தனை ஆலைகள் உள்ள இடத்தில், தலைக்காயம் பட்டவரின் நினைவையும் ஊக்கத்தையும் ஆறு மாதத்துக்கொருமுறை சோதித்துச் சான்றளிக்க ஓர் அரசுப் பிரிவு ஏன் இருக்கக் கூடாது?

ராமமூர்த்தி அரசுப் பணிக்குப் பிறகு, அடையாற்றில் டாக்டர் சஞ்சீவி உருவாக்கிய தன்னார்வ மருத்துவமனையில் மூளை அறுவை சிகிச்சை மையத்தை அமைத்தார். குறைந்த வருவாயினருக்கென எழுந்த மருத்துவமனை அது. 2003 டிசம்பர் 13 அன்று அவர் மறைந்தார்.

என் மாணவரின் தாயார் பள்ளியில் படித்ததில்லை. மகனை விடியற்காலை ஐந்து மணிக்கு எழுப்புகிறார். அன்று செய்ய வேண்டியவற்றைப் பக்கத்து வீட்டுச் சிறுமியைக் கொண்டு சுவரில் கரியால் எழுதச் செய்கிறார். முடித்ததை மகனே அழிக்க வேண்டும். சென்ற வாரம் நான் போனபோது மூன்று வரிகளில் இரண்டு அழிந்திருந்தன. ஒப்பந்ததாரர் மீதான இழப்பீட்டு வழக்கின் அடுத்த விசாரணை தை மாதத்துக்குத் தள்ளிப்போயிருப்பதாக அந்த அம்மா சொன்னார்.