கோரைப்பல் இல்லாத காட்டேரி

திகில் படம் என்றதும் கோரைப்பல்லும் கறுப்பு அங்கியும் நினைவுக்கு வருகின்றன. 1897இல் வெளிவந்த பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ நாவல் பரப்பிய உருவம் அது. அக்கதையில் இன்னும் அச்சமூட்டும் விதி ஒன்று உண்டு: உள்ளிருப்போர் அழைக்காமல் இரத்தக்காட்டேரி வாசற்படியைத் தாண்டாது. ஹிட்ச்காக் 1943இல் எடுத்த ‘ஷேடோ ஆஃப் எ டவுட்’ படத்தில், செல்வமிக்க விதவைகளைக் கொல்பவன் குடும்பத்தின் பிரியத்துக்குரிய மாமனாகவே வந்திறங்குகிறான். தமிழ்த் திரையில் இந்த அச்சத்தை அறிந்து கையாண்டவர் வீணை எஸ். பாலசந்தர்.

சென்னையில் 1927 ஜனவரி 18 அன்று பிறந்த அவர், ‘சீதா கல்யாணம்’ (1934) படத்தில் சிறுவனாகத் தோன்றினார். வீணையைக் குருவின்றித் தாமே பயின்றார். இருபது வயதைத் தாண்டியதும் ‘என் கணவர்’ (1948) படத்தை இயக்கினார். 1954 ஏப்ரலில் ஏவி.எம். தயாரிப்பில் அவருடைய ‘அந்த நாள்’ வெளிவந்தது. அதில் பாட்டில்லை, நடனமில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், சென்னையில் ஜப்பானியக் குண்டு விழுந்ததை ஒட்டி நிகழும் கதை. சிவாஜி கணேசன் ஏற்ற ராஜன், படித்த, அழகிய வானொலிப் பொறியாளன். பகைவருக்கு நாட்டை விற்பவனும் அவனே. இறுதியில் மனைவியின் கையிலிருந்த துப்பாக்கியே அவன் உயிரைக் குடிக்கிறது.

ராஜன் பிறவிக் கொடியவன் அல்லன். எளியோருக்கும் எட்டும் விலையில் வானொலி செய்ய விரும்பியவன். அரசு ஆதரவு மறுக்கப்பட்டதால் மனம் திரிந்தவன். பொருளியல் ஆசிரியனான என்னை இன்றும் உறுத்துவது இந்தப் பகுதிதான்.

மூலதனத்தை, உயிருள்ள உழைப்பை உறிஞ்சி வாழும் இரத்தக்காட்டேரிக்கு ஒப்பிட்டார் கார்ல் மார்க்ஸ். பேரையூர் வட்டாரத்தின் மானாவாரிக் கிராமங்களிலிருந்து வந்த மாணவர்களுக்கு இந்த உவமையை நான் விளக்க வேண்டியிருந்ததில்லை. கந்துவட்டிக்காரர் கதவை உடைத்து வருவதில்லை. விதைப்புக்கும் மகள் திருமணத்துக்கும் நாமே அவரை அழைக்கிறோம். அதீத வட்டியைத் தடுக்கத் தமிழகத்தில் 2003ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. இன்றோ கைப்பேசிக் கடன் செயலிகள், நம் அனுமதியைப் பெற்றே நம் உறவினரின் எண்களை எடுத்துக்கொள்கின்றன. வங்கியின் வாசல் அடைபடும் இடத்தில்தான் இவர்களுக்கு வாசல் திறக்கிறது. தண்டனை வேண்டியதே, ஆனால் விதைப்புக்கு முன் உரிய கடன் கிடைப்பது அதைவிட முக்கியம்.

‘அந்த நாள்’ தேசிய விருதுக்குழுவின் நற்சான்றிதழைப் பெற்றது, வசூலில் தோற்றது. பாலசந்தர் தளரவில்லை. ‘அவனா இவன்’ (1962), ‘பொம்மை’ (1964), ‘நடு இரவில்’ (1970) எனத் தம் வழியிலேயே சென்றார். பின்னர் திரையைவிட்டு விலகி வீணைக்கே தம்மை ஒப்புக்கொடுத்தார். 1982இல் பத்மபூஷண் பெற்ற அவர், 1990 ஏப்ரல் 13 அன்று பிலாயில் காலமானார்.

அவருடைய படங்களை இளைய தலைமுறை புதிர்க்கதைகளாக மட்டும் பார்த்துக் கடந்துவிடக் கூடாது. கொலைகாரன் யார் என்பதோடு, அவனை உருவாக்கியது எது என்றும் ‘அந்த நாள்’ கேட்கிறது. அந்த இரண்டாம் கேள்வி நம் ஊர்களில் இன்னும் விடைக்குக் காத்திருக்கிறது.