ஒளியைத் தூரிகையாக்கியவர்

ஓவியர் வண்ணத்தைக் கொண்டு ஒளியைக் காட்டுவர். வெயிலும் நிலவும் அவர்தம் கையில் சாயமாகவே வந்து சேரும். அச்சாயத்தை விடுத்து ஒளியையே நேரில் எடுத்தாண்டால் என்ன என்று வினவி, அவ்வினாவிற்கே வாழ்நாளைச் செலவிட்டவர் அங்கேரி நாட்டுக் கலைஞர் லாஸ்லோ மொஹோலி-நாகி.

1895ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 20ஆம் நாள் தென் அங்கேரியின் சிற்றூர் ஒன்றில் யூதக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தை குடும்பத்தைவிட்டு நீங்கியமையால் தாய்மாமன் ஆதரவில் வளர்ந்தார். நாகி என்பது அம்மாமன் பெயரே. புடாபெஸ்ட் நகரில் சட்டம் பயின்றுகொண்டிருந்தவரை முதல் உலகப்போர் பீரங்கிப் படைக்கு இழுத்துச் சென்றது. ஆங்கே அஞ்சலட்டைகளில் உடனிருந்த வீரர்களை வரைந்து பழகினார். 1917இல் காயமுற்றார். போருக்குப் பின் சட்டத்தைக் கைவிட்டு, வியன்னா வழியாக 1920இல் பெர்லினை அடைந்தார்.

அங்கு அவர் மணந்த லூசியா, நிழற்படக் கலையில் தேர்ந்தவர். இருவரும் 1922இல், கருவி ஏதுமின்றி, ஒளியுணர் தாளின்மீது பொருள்களைப் பரப்பி ஒளியைப் பாய்ச்சினர். ஒளி பட்ட இடம் கருத்தது. பொருள் மறைத்த இடம் வெண்மையாய் நின்றது. இம்முயற்சியில் லூசியாவின் பங்கு நெடுங்காலம் உரியவாறு போற்றப்படவில்லை என்பதை ஈண்டுச் சொல்லியே ஆகவேண்டும்.

1923இல் கட்டடக் கலைஞர் கிரோப்பியஸ் அவரைப் பௌஹௌஸ் கலைப்பள்ளிக்கு ஆசிரியராக அழைத்தார். தொடக்க வகுப்பும் உலோகப் பட்டறையும் அவர் பொறுப்பாயின. கிண்ணமும் குவளையும் செய்துவந்த அப்பட்டறை, அவர் காலத்தில் இல்லங்களுக்கான மின்விளக்குகளை வடிவமைக்கலாயிற்று. கலை கூடத்தில் தொங்குவதோடு அமையாது மேசைக்கும் வரவேண்டும் என்பது அவர் கொள்கை. 1928இல் அப்பள்ளியைவிட்டு விலகினார்.

ஆண்டுகள் பல எண்ணியெண்ணி அவர் உருவாக்கிய ஒளிப்பொறி 1930இல் பாரிஸ் கண்காட்சியில் நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ ஐந்தடி உயரம். துளையிட்ட உலோகத் தகடுகள், கம்பி வலைகள், கண்ணாடி. இவற்றையெல்லாம் சுழற்ற ஒரு மின் மோட்டார். சுழலும் பொறியின்மீது விளக்கொளி விழ, சுற்றுச் சுவர்களில் நிழலும் ஒளியும் ஒன்றையொன்று துரத்தின. அப்பொறியினும் சுவரில் விழுந்த அந்நிழலாட்டமே கலைப்படைப்பு எனலாம். அதனையே அவர் ஒரு குறும்படமாகவும் எடுத்தார். இதற்குத் தோள்கொடுத்தோர் ஒரு பொறியாளரும் ஒரு கைவினைஞரும் மின் நிறுவனமொன்றும் ஆவர். தனியொருவர் கைவண்ணமே கலை என்னும் எண்ணம் அவரிடம் இருந்ததில்லை.

நாஜி ஆட்சி வந்தபின் 1934இல் ஆம்ஸ்டர்டாமுக்கும், 1935இல் இலண்டனுக்கும், 1937இல் சிகாகோவுக்கும் பெயர்ந்தார். பொறியும் உடன் சென்றது. எல்லைச் சுங்க அலுவலர்க்கு அஃது என்னவென்று விளங்கவைப்பதே பெரும்பாடாயிற்றாம்; கலவை எந்திரம் என்றும் நீரூற்று என்றும் அது பெயர்பெற்றதாக இரண்டாம் துணைவியார் சிபில் எழுதியுள்ளார்.

சிகாகோவில் அவர் பொறுப்பேற்ற புதிய பௌஹௌஸ் பள்ளி ஓராண்டிலேயே பொருளின்றி மூடப்பட்டது. அவர் தளரவில்லை. 1939இல் தாமே ஒரு பள்ளியைத் திறந்தார். ஆசிரியர்கள் முதற்பருவம் ஊதியமின்றிக் கற்பித்தனர். இரண்டாம் உலகப்போரில் உலோகம் அரிதானபோது, மாணவர்கள் மரத்தால் சுருள்வில் செய்து காட்டினர். ஒரு பள்ளியை நிலைநிறுத்தச் செல்வர் வாயில்தோறும் நின்ற அவ்வாண்டுகளில் அவர்தம் சொந்தக் கலைக்கு எஞ்சியவை இரவுகளும் விடுமுறைகளுமே.

1945இல் இரத்தப் புற்றுநோய் கண்டது. மருத்துவமனையிலிருந்து மீண்டு, தம் கலைக்கொள்கையை விளக்கும் பெருநூலை எழுதிமுடித்தார். நோயின் பெயரையே தாங்கிய ஓவியமும் தீட்டினார். 1946 நவம்பர் 24ஆம் நாள், ஐம்பத்தோராம் வயதில் சிகாகோவில் மறைந்தார். நூல் 1947இல் வெளிவந்தது. ஒளிப்பொறியைச் சிபில் 1956இல் ஹார்வார்டு பல்கலைக்கழக அருங்காட்சியகத்திற்கு அளித்தார். 1970இல் அதன் படிகள் இரண்டு செய்யப்பட்டன. அவை ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் இடம்பெற்றன.