ஊரை மறவாத ஓவியர்

வறுமையும் போரும் ஒரு மனிதனை அவன் ஊரிலிருந்து விரட்டலாம். ஆனால் அவன் நெஞ்சிலிருந்து அந்த ஊரை விரட்ட முடியுமா? முடியாது என்பதற்குச் சான்றாக வாழ்ந்தவர் மார்க் ஷாகால்.

அன்றைய ரஷ்யப் பேரரசில் இருந்து, இன்று பெலாரஸ் நாட்டில் உள்ள விடெப்ஸ்க் பகுதியில், 1887-ஆம் ஆண்டு ஓர் ஏழை யூதக் குடும்பத்தில் அவர் பிறந்தார். ஒன்பது குழந்தைகளில் மூத்தவர். தந்தை கிடங்கில் உப்புமீன் பீப்பாய்களைச் சுமக்கும் தொழிலாளி. தாய் சிறிய மளிகைக் கடை நடத்தினார். யூதச் சிறுவர்களுக்கு அரசுப் பள்ளியில் இடம் கிடைப்பது அரிதாக இருந்த காலம் அது. அந்தத் தாய் ஆசிரியருக்கு 50 ரூபிள் கொடுத்துத் தன் மகனைப் பள்ளியில் சேர்த்தார் என்றால், கல்வியின் அருமையை அவர் எவ்வளவு உணர்ந்திருக்க வேண்டும்!

ஓவியம் கற்கத் தலைநகர் பீட்டர்ஸ்பர்க் சென்றார் ஷாகால். யூதர்கள் அங்கே தங்க அனுமதிச் சீட்டு வேண்டும். அது இல்லாத குற்றத்திற்காகச் சிறையும் கண்டார். பின்னர் ஒரு புரவலர் அளித்த உதவித்தொகையைக் கொண்டு 1910-இல் பாரிஸ் சேர்ந்தார்.

உலகின் கலைத் தலைநகரில் நின்றுகொண்டு அவர் எதை வரைந்தார்? தம் ஊரின் பசுவை, சேவலை, மரவீடுகளை வரைந்தார்! 1911-இல் தீட்டிய ‘நானும் கிராமமும்’ என்ற ஓவியத்தில் பச்சை முகம் கொண்ட மனிதன் ஒருவனும் ஒரு விலங்கும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்கின்றனர். அந்த விலங்கின் கன்னத்திலேயே ஒரு பெண் பால் கறக்கிறாள்! வீடுகள் சில தலைகீழாக நிற்கின்றன. நினைவு என்பது அப்படித்தானே நம் கண்முன் வருகிறது? பின்னாளில் விவிலியக் கதைகளையும், லா ஃபோந்தேனின் நீதிக்கதைகளையும், கிரேக்கக் காதல் கதையொன்றையும் அவர் சித்திரங்களாக்கினார்.

1915-இல் தம் ஊர்ப் பெண் பெல்லாவை மணந்தார். புரட்சிக்குப் பின் விடெப்ஸ்கில் மக்களுக்கென ஓர் ஓவியப் பள்ளியை நிறுவினார். கருத்து வேற்றுமையால் அதை விட்டு விலகி, மீண்டும் பிரான்சில் குடியேறினார். நாஜிகள் அவர் ஓவியங்களை இழிகலை என்று பழித்தனர். 1941-இல் அமெரிக்காவுக்குத் தப்பினார். 1944-இல் பெல்லா மறைந்தார். பல மாதங்கள் அவர் தூரிகையைத் தொடவில்லை. விடெப்ஸ்கும் போரில் இடிபாடாகிக் கிடந்தது. அங்கிருந்த யூத மக்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டிருந்தனர்.

போருக்குப் பின் பிரான்ஸ் திரும்பினார். 1964-இல் பாரிஸ் ஆப்பெரா அரங்கின் விதானத்தை அவர் ஓவியம் அலங்கரித்தது. 1973-இல் மாஸ்கோவுக்கும் லெனின்கிராடுக்கும் சென்றவர், விடெப்ஸ்க் பக்கம் மட்டும் போகவில்லை. அவர் அறிந்த விடெப்ஸ்க் அப்போது பூமியில் இல்லை. அவருடைய கித்தான்களில்தான் இருந்தது. 1985-இல், 97-ஆம் வயதில், பிரான்சிலேயே மறைந்தார்.

நண்பர்களே! நம்மில் பலர் நம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். பட்டம் கைக்கு வரும்போது, தந்தையின் தொழிலைச் சொல்ல நாக்குக் கூசும் ஆபத்தும் கூடவே வருகிறது. ஷாகால் 1930-களில் வரைந்த ஓர் ஓவியத்தில், ஆற்றுக்கு மேலே ஒரு மீன் பறக்கிறது. அது அவர் தந்தை சுமந்த மீன்! உப்பு நாற்றம் வீசிய அந்த மீனை அவர் மறைக்கவில்லை. அதற்குச் சிறகு கொடுத்தார். நம் பெற்றோர் சுமந்த சுமைக்கு நாம் என்ன கொடுக்கப் போகிறோம்?