சங்கொலியை எண்ணிய அம்மையார்

இரைச்சலால் தேகசுகம் கெடும் என்பதை நம்மவர் எல்லோரும் ஒப்புக்கொள்வர். அதைச் சட்டத்தால் தடுக்க இயலும் என்பதைத்தான் அநேகர் நம்புவதில்லை. அத்தகையோர், ஒரு காலத்தில் அமெரிக்கா முழுவதும் பெயர் பெற்றிருந்த ஸ்ரீமதி ஜூலியா பார்னெட் ரைஸ் அம்மையாரின் சரித்திரத்தை அறிவது நலமென்று கருதுகிறோம்.

1860-ல் பிறந்த இவ்வம்மையார் 1885-ல் வைத்தியப் பட்டம் பெற்றார். ஐசக் ரைஸ் என்னும் செல்வரை மணந்து, ஆறு மக்களுக்குத் தாயாகி, நியூயார்க் நகரில் ஹட்ஸன் நதிக்கு எதிரே ஒரு மாளிகையில் வசித்தார். அந்நதியில் இழுவைப் படகுகள் இராமுழுதும் நீராவிச் சங்கை ஊதிய வண்ணம் செல்லும். விபத்தைத் தவிர்க்க ஊதியது சொற்பம். எதிர்ப்படும் தோழனுக்கு வந்தனம் சொல்லவும், கரையிலுள்ள ஆட்களைக் கூப்பிடவும் ஊதியதே அதிகம்.

செல்வர் வீட்டு அம்மாளின் தூக்கம் கெட்டால் உலகத்துக்கென்ன என்று கேட்க நமக்கும் தோன்றும். ஆனால் அவர் செய்ததைப் பாருங்கள். 1905-ல் கொலம்பியா சர்வகலாசாலையில் சட்டம் பயின்ற மாணவர்களை அமர்த்தி, ஒவ்வொரு சங்கொலியையும் எண்ணிக் குறிக்கச் செய்தார். ஒரே இரவில் ஏறக்குறைய 3,000 என்று கணக்கு வந்தது! வக்கீல் தொழில் அறிந்த நமக்கு இங்கேதான் அம்மையாரிடம் மதிப்பு உண்டாகிறது. தொல்லை பொறுக்கவில்லை என்று ஆயிரம் பேர் முறையிட்டாலும் நியாயஸ்தலம் அசையாது. எண்ணிக் குறித்த கணக்கு வந்துவிட்டால் எதிர்க்கட்சிக்காரர் பதில் சொல்லியே தீரவேண்டும்.

நதி தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று என நகர அதிகாரிகள் கைவிரித்தனர். மத்திய சர்க்காரிடமும் வீண் ஊதலைத் தண்டிக்கப் போதிய சட்டமில்லை. அம்மையார் சளைக்கவில்லை. நதிக்கரை ஆஸ்பத்திரிகளில் சாட்சியம் திரட்டினார். தம் தூக்கத்தைப் பின்னே தள்ளி, அங்கே படுக்கையில் புரளும் ஏழை நோயாளிகளின் தூக்கத்தை முன்னே வைத்தார். வழக்கின் வடிவமே மாறிற்று. 1907-ல் பென்னெட் என்ற பிரதிநிதி அமெரிக்கக் காங்கிரஸ் சபையில் கொண்டுவந்த மசோதா சட்டமாகி, அவசியமின்றிச் சங்கு ஊதுவோரைத் தண்டிக்க இடந்தந்தது. அவசியமின்றி என்ற சொல்லே அச்சட்டத்தின் உயிர். படகோட்டியின் பிழைப்புக்கு அதனால் பங்கமில்லை. அபாய காலத்தில் ஊதும் உரிமையும் நின்றது.

இதற்கிடையில் அம்மையார் அநாவசிய இரைச்சல் ஒழிப்புச் சங்கத்தை நிறுவியிருந்தார். அதன் முயற்சியால் நியூயார்க் ஆஸ்பத்திரிகளைச் சுற்றி அமைதி வட்டாரங்கள் ஏற்பட்டன. அங்கே கூச்சலிட்டு விளையாடுவதில்லை என்று பள்ளிச் சிறுவர்கள் ஆயிரக்கணக்கில் உறுதி செய்தனர். அச்சிறுவர் கிளைக்கு ஆசிரியர் மார்க் ட்வெயின் கௌரவத் தலைவரானார்.

ஒரு குறையையும் சொல்லவேண்டும். நோயாளியைக் காத்த இவ்வியக்கம் தொழிலாளியை எட்டவில்லை. 1886-லேயே கிளாஸ்கோ நகரத்து டாக்டர் தாமஸ் பார், கொதிகலன் செய்யும் 100 தொழிலாளரைச் சோதித்து, ஒருவருக்கேனும் செவிப்புலன் செவ்வையாக இல்லையென்று கண்டிருந்தார். எனினும் அமெரிக்காவில் சர்க்கார் கண்டிராக்ட் ஆலைகளுக்கு 90 டெசிபல் என்ற வரம்பு 1969-ல்தான் விதிக்கப்பட்டது. சம்மட்டியடியைக் கணக்கெடுக்க அதுவரை ஆளில்லை போலும்.

அம்மையார் 1929-ல் காலமானார். அதே ஆண்டில் நியூயார்க் நகரம் இரைச்சலைக் குறைக்க ஒரு கமிஷனை நியமித்தது. அன்று மாணவர்கள் காதால் கேட்டு எண்ணியதைப் போலன்றி, அக்கமிஷன் தெருத் தெருவாகக் கருவி கொண்டு அளந்தது.