ஓவியர் ரெம்பிராண்ட்

காவிரி வளம் பெருக்கும் தஞ்சை நாட்டின் கடற்கரையில் நாகப்பட்டினம் என்னும் பழம்பெருந் துறைமுகம் உள்ளது. தஞ்சையை விசயராகவ நாயக்கர் ஆண்ட காலத்தில், 1658ஆம் ஆண்டில், ஒல்லாந்து வணிகர் அதனைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். சோழமண்டலக் கரையின் துணிகளைக் கப்பலேற்றி அவர்கள் பெரும்பொருள் ஈட்டினர். அவ்வணிகத்தின் நடுவிடமாகிய ஆம்ஸ்டர்டாம் நகரில், அதே ஆண்டில், குடியிருந்த வீட்டையும் கடனுக்கு இழந்த ஓவியர் ஒருவர் தம் உருவத்தைத் தாமே தீட்டினார். அவரே ரெம்பிராண்ட் ஆவார்.

ரெம்பிராண்ட் 1606ஆம் ஆண்டில் ஒல்லாந்து நாட்டு லெய்டன் நகரில் பிறந்தார். தந்தையார் காற்றாலையில் தானியம் அரைத்து வாழ்ந்தவர். பெற்றோர் மகனைப் பல்கலைக்கழகத்திற் சேர்த்தனர். மகனது உள்ளமோ ஓவியத்தையே நாடியது. தக்க ஆசிரியர்களை அடுத்து அக்கலையைப் பயின்று தேர்ந்தார்.

ஆம்ஸ்டர்டாமிற் குடியேறிய அவ்விளைஞரைப் புகழ் தேடி வந்தது. 1634இல் சாஸ்கியா என்னும் நங்கையை மணந்தார். 1639இல் கடன்பட்டுப் பெரியதொரு வீட்டை வாங்கினார். பழங்காலப் படைக்கலங்கள், உடைகள், சிற்பங்கள் முதலியவற்றை விலை பாராது வாங்கிக் குவித்தார். மறு ஆண்டில், தமது 34ஆம் வயதில், நூறாண்டுக்கு முற்பட்ட பெருமக்களின் உடை புனைந்தவராகத் தம்மைத் தீட்டினார். இத்தாலிய ஓவிய மேதையரான ராபேல், டிஷியன் ஆகியோருடன் ஒருங்கு வைத்து எண்ணத் தக்கவர் தாம் என்பதை அவ்வுடையால் உணர்த்தினார். அப்படம் இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ளது.

அவ்வாழ்வு நெடிது நிலைக்கவில்லை. மக்கள் மூவர் பச்சிளங் குழந்தைகளாகவே மாண்டனர். 1642இல் சாஸ்கியாவும் மறைந்தார். எஞ்சியவன் டைட்டஸ் என்னும் மகன் ஒருவனே. வரவறிந்து செலவிடாத குறை ஓவியரிடம் இருந்தது. கடன் முற்றி 1656இல் அவர் நொடித்துப் போனார். அரும்பாடுபட்டுத் திரட்டிய பொருள்கள் ஏலத்திற் போயின. 1658இல் வீடும் போயிற்று.

அந்நிலையில் எழுந்ததே முன்னர்க் கூறிய ஓவியம். பொன்னிற அங்கியும் செந்நிறக் கச்சும் அணிந்து, கையில் கோல் தாங்கி, அரியணை மீது அமர்ந்த பண்டைக் காலத்து அரசர் போல அதில் அவர் வீற்றிருக்கின்றார். ஆயினும், முகத்தை அவர் அழகுபடுத்தவில்லை. நெற்றிச் சுருக்கமும் தளர்ந்த கன்னமும் உள்ளவாறே காணப்படுகின்றன. உடை அரசனுடையது, முகம் துயர் கண்ட மனிதனுடையது. கடன் கொடுத்தோர் கவர்ந்து செல்ல இயலாத செல்வம் ஒன்று தம்மிடம் உண்டு என்பதை அவர் அறிந்திருந்தார். அதுவே அவர்தம் கைத்திறன்.

துன்பத்திலும் அவர் கற்பதை விட்டாரல்லர். நம் நாட்டு மொகலாய ஓவியங்களைக் கண்டு வியந்து, சாசகான் முதலியோரின் உருவங்களைப் படியெடுத்து வரைந்தது அக்காலத்திலேதான். 1668இல் டைட்டசும் இறந்தான். அடுத்த ஆண்டிலும் முதிய ஓவியர் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. தம் முகத்தை மீண்டும் தீட்டினார். 1669 அக்டோபர் 4ஆம் நாள் உயிர் நீத்தார். அடையாளக் கல்லும் இல்லாத குழியில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

ஒல்லாந்தர் 1781இல் நாகப்பட்டினத்தை ஆங்கிலேயரிடம் இழந்தனர். அவர்கள் ஈட்டிய பொருளும் ஆட்சியும் கைமாறிப் போயின. அனைத்தும் இழந்தவர் தீட்டிய அரசக்கோல ஓவியமோ இன்றும் நியூயார்க் நகரத்துப் பிரிக் கலைக்கூடத்தில் நிலைபெற்று விளங்குகின்றது. பொருள் நீங்கினும், முயன்று பெற்ற கலை ஒருவரை விட்டு நீங்காது.